தேயிலை டப்பாவில் சாய்ந்த எழுத்து

குன்னூர், கோத்தகிரி கடைகளில் தேயிலைப் பாக்கெட்டோ தைல பாட்டிலோ சாக்லேட் பெட்டியோ, ஆங்கிலப் பெயர் என்றால் இட்டாலிக் என்னும் சாய்வெழுத்துதான். அதில் பல, கணினியில் 'ஐ' பொத்தானை அழுத்திச் சாய்த்த நேர் எழுத்து.

சின்ன 'ஏ'-வைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காரமாண்ட், டைம்ஸ் போன்ற எழுத்துருக்களின் நேர் எழுத்தில் அதற்கு மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு வயிறு. அசல் இட்டாலிக்கில் கொக்கி கிடையாது. நோட்டில் எழுதுகிற மாதிரி வயிறும் வாலும் மட்டும். சின்ன 'எஃப்' எழுத்துகள் நிற்கும் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கும். அசல் இட்டாலிக்கே ஒரு கையெழுத்து. வெனிஸில் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸுக்காக, அச்செழுத்து வெட்டும் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய இந்த அச்சில் 1501-இல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூல் வந்தது. அதிலும் பெரிய எழுத்துகள் நேராகவே நின்றன. (முழுப்பெயரையும் பெரிய இட்டாலிக்கில் போடும் போர்டுக்காரர்கள் கவனிக்கலாம்.)

போலியாகச் சாய்த்தால் வட்டம் நசுங்கும். கோடு ஒரு மூலையில் தடித்து பக்கத்து மூலையில் மெலியும். தமிழில் இது இன்னும் மோசம், ண, ற, ழ எல்லாமே வளைவுதான். தமிழ்ப் பெயரைச் சாய்க்காதீர்கள், தடித்த எழுத்து போதும்.

எழுத்துருவை வாங்கும்போது இட்டாலிக் கோப்பு தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு கிராஃப்ட் தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் பொடோனி எழுத்துரு வேண்டாம். அதன் மயிரிழைக் கோடுகள் விட்டுவிட்டு விழும். கரும்பச்சை டப்பாவில் வெள்ளையாக எழுத்தைவிட்டு அச்சடித்தால் நேர்மாறு: மை உள்ளே பரவி அதே கோட்டை மூடிவிடும். காரமாண்ட், காஸ்லான் தாங்கும், ஆனால் 8 பாயிண்ட்டுக்குக் கீழே போகாமல், எழுத்திடைவெளியைக் கொஞ்சம் கூட்டி.

இட்டாலிக் கட்டாயம் வேண்டிய இடம் செடிப் பலகை. குறிஞ்சிக்கு 'ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா': இரண்டு சொல்லும் சாய்வு, முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து, பெயரிட்டவர் பெயர் நேராக. நம் காட்டுப்பூவரசு ஒரு துணையினம். 'ரோடோடென்ட்ரான் ஆர்போரியம்', 'நீலகிரிக்கம்' சாயும். நடுவில் வரும் துணையினச் சுருக்கம் (subsp.) நேராக நிற்கும். சாய்ந்த சொல்லை ஒட்டி நேர் அடைப்புக்குறி வந்தால் கடைசி எழுத்தின் தலை அதில் முட்டும். நடுவில் மயிரிழை இடம் விடுங்கள்.