பயம் காட்டி விழுங்கவைத்த மாத்திரை

அன்று கேட்டது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மனசு ஒப்பவில்லை.

மருத்துவம் பார்க்கப் போன இடத்தில், மேலூர்ப் பக்கம், 63 வயது அம்மா ஒருவர். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் குதிகால் வெடிப்புக்குள் கருவேல முள் ஒடிந்து கிடந்தது. இடுக்கியால் இழுத்தேன், சீழும் சேர்ந்து வந்தது. முகத்தில் ஒரு சுளிப்பில்லை.

"வலிக்கலையா ஆத்தா?"

"வயசான காலு தாயி, மரத்துத்தான் போகும்."

மரத்தது வயதால் அல்ல. பல வருடச் சர்க்கரை நரம்பைக் கெடுத்திருந்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாசலுக்கே வருகிறது. மெட்ஃபார்மின் அட்டைகளோ பிரிக்காமல் அலமாரியில் கிடந்தன. "இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்றார். சொன்னது எதுவும் ஏறவில்லை. கடைசியில், "காலை எடுத்துட்டா உங்களைத் தூக்கிப் பார்க்க மகனும் மருமகளும் எத்தனை நாள் நிப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அன்று தொடங்கிய மாத்திரை நிற்கவில்லை. புண் ஆறியது, கால் தப்பியது. இதில் என்ன குறை?

அப்புறம் ஒரு ஆய்வைப் படித்தேன். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2002இல் வெளியிட்டது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேர். தங்கள் முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள், அப்படி நினைக்காதவர்களைவிட ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். நான் அந்த அம்மாவின் மனதில் எதை வைத்துவிட்டு வந்தேன்? வயதானால் பிள்ளைகளுக்குப் பாரம் என்பதைத்தானே?

வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? நம் மதுரையிலேயே டாக்டர் வெங்கடசாமி, முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு, ஓய்வு பெற்ற பிறகு 58 வயதில், 1976இல், 11 படுக்கையுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சொன்னால், "அவரு டாக்டரு தாயி" என்பார். அதுவும் நியாயம்தான். நூறு நாள் வேலையில் மண் சுமக்கிறவருக்கு 63 வேறு மாதிரிதான் இருக்கும்.

இப்போது கண் பரிசோதனைக்கு வர மறுக்கிறார். "வயசானா மங்கத்தானே செய்யும்?" சர்க்கரை விழித்திரையையும் கெடுக்கும் என்று சொல்லியாயிற்று. வர்ற ஞாயிறு முகாம். "கண்ணு போனா யாரு கையைப் பிடிச்சுக் கூட்டிப் போவா?" என்று கேட்டால் உடனே கிளம்பிவிடுவார், தெரியும். கேட்காமல் கிளப்பப் பார்க்கிறேன். முடியாவிட்டால், சனிக்கிழமை சாயங்காலம் போய்க் கேட்டுவிடுவேன்.