கம்ப்யூட்டர்ல பார்த்தா வரும்

“தம்பி, இதுல நாள் எங்க இருக்கு?”

“எந்த நாள் மேடம்?”

“மருந்து அடிச்சா எத்தனை நாள் கழிச்சு காய் பறிக்கலாம்னு போட்டிருந்துச்சே, அந்த நாள்.”

“ஓ, அதுவா? அது கம்ப்யூட்டர்ல பார்த்தா வரும் மேடம்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் எங்கோ மோட்டார் ஓடுவது கேட்டது. அப்புறம் “சரி தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு நிமிடம்கூட இருக்காது. விவசாயிகளுக்கான இணையதளம் ஒன்றை நான் செய்துகொண்டிருந்த 2014-ல் நடந்தது. அதற்குப் பிறகு இதைவிடப் பெரிய சொதப்பல்கள் எல்லாம் செய்திருக்கிறேன். சோதனை சர்வர் என்று நினைத்து லைவ் சர்வரில் ஒரு டேபிளையே காலி செய்திருக்கிறேன். அது இன்று டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொல்லும் கதையாகிவிட்டது. இந்த ஒரு நிமிடம் மட்டும் கதையாக மாட்டேன் என்கிறது.

நான் சொன்னது பொய் இல்லை, கவனியுங்கள். கம்ப்யூட்டரில் பார்த்தால் வந்தது. உண்மையான, சரியான, மரியாதையான பதில். வயலில் நின்றுகொண்டு கையில் போனை வைத்துக்கொண்டு கேட்ட ஒருவரிடம் அதைச் சொன்னேன்.

அவர் பார்த்த இணையப் பக்கத்தில் இருந்தது ஒரு பயிர்ப் பாதுகாப்பு அட்டவணை. பூச்சி, மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு, எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும், எப்போது தெளிக்க வேண்டும், அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள், குறிப்பு. மொத்தம் ஏழு நெடுவரிசை. மேசைக் கணினியில் அழகாக உட்கார்ந்திருந்தது. 320 பிக்ஸல் அகலச் சின்னப் போன் திரையில் அடங்காமல் அது என்ன ஆகும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அப்போது எங்கள் எல்லாருக்கும் ஒரே பைத்தியம். ஈதன் மார்க்காட் என்ற வலை வடிவமைப்பாளர் 2010-ல் எழுதிய கட்டுரையிலிருந்து பிடித்த பைத்தியம். ஒரே பக்கம், அதன் உள்ளடக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல்லும் ஒன்றே. தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ், திரையின் அகலத்தைப் பார்த்து தன்னை மாற்றிக்கொள்ளும். அதுவரை போனுக்கு என்று தனித் தளம் கட்டி இரண்டையும் பராமரித்துச் செத்துக்கொண்டிருந்தோம். அதனால் அகலத்தைக் கேட்டுத் தோற்றத்தை மாற்றும் மீடியா குவரி என்பது எங்களுக்கு விடுதலை மாதிரி இருந்தது. குறிப்பிட்ட அகலத்துக்குக் கீழே போனால் நான்கு நெடுவரிசைகளுக்கு டிஸ்ப்ளே நன், அதாவது ‘காட்டாதே’ என்ற கட்டளை. முடிந்தது வேலை. பூச்சி, மருந்து, அளவு மூன்றும் நின்றன.

எங்கள் ஆபீஸ் பேச்சில் நெடுவரிசைக்கு ஆங்கிலச் சொல்லான ‘காலம்’தான் பெயர். “டேய், காத்திருப்புக் காலம்ங்கிற காலத்தையே தூக்கிட்டியா” என்று பக்கத்து சீட்காரன் சிரித்தான். நானும் சிரித்தேன். அதாவது, நான் எதைத் தூக்குகிறேன் என்று அந்த நேரத்திலேயே யாரோ வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கவனிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

என் பக்க நியாயம் ஒன்று இருக்கிறது. இதை நான் தன்னிச்சையாகச் செய்யவில்லை. வாடிக்கையாளர் தரப்பு ஆட்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினேன். போன் வடிவம் எப்படி இருக்கும் என்று ப்ரொஜெக்டரில் ஓடியது. எல்லாரும் தலையாட்டினார்கள். “நீட்டா இருக்கு” என்றார் ஒருவர். இருக்காதா பின்னே? மூன்று அங்குலத் திரை சுவரில் ஆறடி உயரத்துக்கு நின்றது. கூட்டத்தில் இருந்த யாரும் மருந்து டேங்க்கை முதுகில் மாட்டியவர்கள் இல்லை. நானும் இல்லை. என் தாத்தா மாட்டியிருக்கிறார். அது கணக்கில் வராது.

அந்த மேடம் போனில் பேசியபோது கத்தரி என்றார். அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. நெல்லுக்கு அறுவடை ஒருமுறை. கத்தரிக்கு அப்படி இல்லை. காய்ப்பு தொடங்கிவிட்டால் நாலைந்து நாளுக்கு ஒரு பறிப்பு வந்துகொண்டே இருக்கும். காய்த்துளைப்பானும் அதே நேரத்தில்தான் இருக்கும். அதனால் மருந்தடிப்பும் பறிப்பும் மாறி மாறி நடக்கும். அந்தச் செடிக்கு முன்னால் நிற்பவருக்கு, எந்த மருந்து என்பதற்கு அடுத்த கேள்வியே எத்தனை நாள் என்பதுதான். சில மருந்துகளுக்கு மூன்று நாள் போதும். சிலவற்றுக்கு இரண்டு வாரம்கூடப் போகும். அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் இந்த வாரச் சந்தைக்குக் காய் போகுமா போகாதா என்று முடிவாகும். மேசைக் கணினியில் அட்டவணையை முழுதாகப் பார்ப்பவர் அலுவலகத்தில் இருப்பவர். அவருக்கு அந்த நாள் ஒரு தகவல். நான் எதை யாருக்குக் கொடுத்தேன் என்று பார்த்தால், தலைகீழாகக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. டிஸ்ப்ளே நன் போட்டால் பிரவுசர் அதைக் காட்டாது, அவ்வளவுதான். ஹெச்டிஎம்எல்லில் இருப்பது வந்து சேர்ந்துவிடும். அவரிடம் இருந்தது சாதாரண ஆண்ட்ராய்டு போன். டூஜியில் முக்கி முனகி அந்தப் பக்கம் இறங்கியபோது, காத்திருப்பு நாட்களும் சேர்ந்தேதான் இறங்கியிருக்கும். அதற்கான டேட்டா காசையும் அவர்தான் கொடுத்திருப்பார். “நாள் எங்க இருக்கு” என்று கேட்டாரே, அது அவர் உள்ளங்கையில்தான் இருந்தது. ஓப்பரா மினி என்ற பிரவுசரில் பார்த்திருந்தால் கதை வேறு. பக்கத்தை அவர்கள் சர்வரிலேயே தயார் செய்து சுருக்கி அனுப்புவார்கள். மறைத்தது வந்திருக்காது, குறைந்தபட்சம் காசாவது மிஞ்சியிருக்கும். (ஓப்பரா மினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழை வாசிக்க, எழுத்தைப் படமாக்கி அனுப்பும் அமைப்பைத் தேடிப் பிடித்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும்.)

சரி, போன் வந்த பிறகாவது என்ன செய்தேன்? பிழைப் பட்டியலில் ஏற்றினேன். இதில் எனக்கு ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. மற்றவர்கள் என்றால் மறந்தே போயிருப்பார்கள். ஆனால் எப்படி ஏற்றினேன் என்பதுதான் விஷயம். ‘பயனர் ஒருவர் மொபைலில் கூடுதல் நெடுவரிசை கேட்கிறார்.’ வகை: புதிய வசதி. முன்னுரிமை: குறைவு. இருந்ததை நான் எடுத்தேன், அவர் இல்லாததைக் கேட்டதாக எழுதினேன். பிழை என்று போட்டிருந்தால் அன்றைக்கே திருத்தியாக வேண்டும், அது என் பெயரில் வரும். புதிய வசதி என்றால் அடுத்த வெளியீடு வரைக்கும் காத்திருக்கும். மூன்று வாரம் காத்திருந்தது. அந்த மூன்று வாரத்தில் எத்தனை பறிப்பு நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள், யார் என்ன செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். கேட்டவருக்கு நாள் தெரிந்திருக்கும்; இல்லாவிட்டால் கேட்டிருக்கவே மாட்டார். கேட்கத் தோன்றாதவர்கள் இருந்திருப்பார்களே என்ற இடத்தில்தான் என் சமாதானம் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறது.

பிறகு ஒருநாள் ஊரில், தாத்தாவின் மாட்டுக்கொட்டகைப் பரணில் காலி மருந்து டப்பா ஒன்றைப் பார்த்தேன். சின்ன டப்பாதான். அதில் சாய்த்து வைத்த சதுரம் ஒன்று, இரண்டு முக்கோணமாகப் பிரிந்திருந்தது. கீழ் முக்கோணத்தில் நிறம். சிவப்பு என்றால் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாக இறங்கும். 1971-ன் பூச்சிக்கொல்லி விதிகளில் வருவது இது. அந்தச் சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்குச் சென்டிமீட்டர் கணக்கு இல்லை. லேபிள் முகப்பின் பரப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். டப்பா சிறுத்தால் சதுரமும் சிறுக்கும், ஆனால் காணாமல் போகாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். பிக்ஸலில் எழுதாதே, விகிதத்தில் எழுது என்று 2010-க்குப் பிறகு நாங்கள் ஒருவருக்கொருவர் பாடம் எடுத்துக்கொண்டோம். அந்த விதியை எழுதியவர் ஏதோ ஒரு கோப்புக்குள் அதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறார். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பாட்டி, கையைக் கழுவிவிட்டு வா என்றாள்.

படித்தும் பார்த்தேன். பீட்டர் புருசிலோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் ஆளுக்கேற்ப மாறும் ஹைப்பர்மீடியா (இணைப்புகளால் கோத்த பக்கங்கள்) பற்றி 1996-லேயே விரிவாகத் தொகுத்து எழுதியிருக்கிறார். அந்த ஆய்வுகளில் பக்கம் மாறுவது திரைக்காக இல்லை, ஆளுக்காக: அவருக்கு என்ன தெரியும், எதற்காக வந்திருக்கிறார், எவ்வளவு அனுபவம். இணைப்பை மறைப்பது ஒரு வழி; மங்கலாக்கி வைப்பது இன்னொரு வழி. தொட்டால் விரியும் உரை என்ற யோசனை, ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லைத் தந்த டெட் நெல்சன் காலத்திலிருந்தே இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது அகலம் என்ற ஒரே ஓர் எண். ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது, அகலம் தெரியும். அகலத்தை வைத்தே ஆளை ஊகித்துக்கொண்டோம்: போனில் வருபவர் அவசரக்காரர், மேலோட்டமாகப் பார்ப்பவர், சாரம் போதும். இப்படி எழுதினால் நான் ஏதோ ஒரு தவறான கொள்கையை நம்பி ஏமாந்தவன் மாதிரி கௌரவமாக இருக்கிறது.

உண்மை அதைவிட அற்பம். கூட்டத்தில் முன்னுரிமை, பயனர் தேவை என்றெல்லாம் பேசினேன். ஆனால் அந்த நெடுவரிசையை நான் எடுத்தது தேவையை எடைபோட்டு இல்லை. அதன் தலைப்பு நீளம். ‘அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள்.’ எப்படி மடக்கினாலும் ‘காத்திருக்க’ என்ற ஒற்றைச் சொல் மடங்காமல் நின்று நெடுவரிசையையே அகலமாக்கியது. உள்ளே கட்டத்தில் இருந்ததோ ஓரிலக்கம், மிஞ்சினால் ஈரிலக்கம். அட்டவணையிலேயே மிகக் குறைந்த இடம் கேட்டது அதுதான். ஆங்கிலப் பக்கத்தில் அதே காத்திருப்பு நாளுக்குப் பி.எச்.ஐ. என்று மூன்றெழுத்துத் தலைப்பு. அங்கே அது போனிலும் தங்கிவிட்டது. தமிழில் பெயர் நீளமாக இருந்த குற்றத்துக்காகத் தமிழில் படிப்பவர்களுக்கு மட்டும் அந்த நாள் போய்விட்டது. ‘பறிக்க: 3 நாள்’ என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அவர் போனில் கேட்டதே அந்தச் சொல்லில்தான்.

மூன்று வாரம் கழித்து வந்த திருத்தத்தில் அட்டவணையைக் கலைத்து, ஒவ்வொரு வரிசையையும் ஒரு அட்டையாக மாற்றினேன். ஏழு விவரமும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன. எதுவும் மறையவில்லை. நல்லபிள்ளை. ஆனால் அட்டவணை என்பது ஒப்பிட்டுப் பார்க்கத்தானே? எந்த மருந்துக்கு நாள் குறைவு என்று கண்ணால் ஒரே இழுப்பில் பார்க்க முடிந்தது, இப்போது பத்து அட்டைகளை விரலால் தள்ளி மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில், ஈரக் கையோடு. அவர் திரும்பக் கூப்பிடவில்லை. எனக்கும் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லை, தோன்றியது, கூப்பிடவில்லை. டேங்க்குக்கு எத்தனை மூடி என்று அளப்பவர்களுக்கு ஏக்கர் கணக்கே உதவாது என்பதை வேறு யாரோ வேறு சந்தர்ப்பத்தில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதை அவரிடமே கேட்டிருக்கலாம்.

இப்போது வேறு கம்பெனி, வேறு துறை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒன்பது நெடுவரிசை அட்டவணையைக் கொண்டுவந்து, “சார், மொபைல்ல இதுல எதெல்லாம் வேணும்?” என்று கேட்டாள். எல்லாமே வேண்டும் என்றேன், கொஞ்சம் வேகமாகவே. அவள் எல்லாவற்றையும் வைத்துச் செய்தாள். சோதித்துப் பார்க்க வந்த முதல் ஆள் இரண்டு முறை பக்கவாட்டில் தள்ளிப் பார்த்துவிட்டு, இது என்னவென்றே புரியவில்லை என்று போனை மேசையில் வைத்துவிட்டார். “அப்ப ரெண்டு காலத்தையாவது எடுத்துடலாமா சார்? எதை எடுக்கறது?” என்றாள். யாரிடமாவது கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கண் அட்டவணையின் மேல்வரிசையில், தலைப்பு நீளமான நெடுவரிசையில் போய் நின்றுவிட்டது.