ஏழாம் கட்டில்

இரவு ஷிஃப்ட் தொடங்கும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பேன். "இன்றைக்கு எந்தப் பிரச்சினையும் இல்லாமல் போகட்டும்." நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் என் பிரார்த்தனை. அதில் நோயாளி யாருமே இல்லை என்பது உறைக்கப் பல வருடங்கள் ஆயின.

ஒருநாள் நள்ளிரவு தாண்டி மருந்து ட்ரேயோடு போய்க்கொண்டிருந்தேன். கடைசிக் கட்டில் பெரியவர் போர்வையை விலக்கி, காலைத் தொங்கவிட்டு, தரையில் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார். மனசுக்குள் ஓடியது இதுதான்: "இன்னும் நாலு ஊசி பாக்கி. கூட இருப்பவர் பார்த்துக்கொள்வார். கடவுளே, விழுந்துவிடக் கூடாது." நடந்துகொண்டேதான் வேண்டினேன். நின்றிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்குமா? விழுந்துவிட்டார். நல்லவேளை, முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. எனக்குத்தான் உறுத்தல் போகவில்லை. வேண்டிக்கொண்டதிலேயே ஏதோ செய்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்து, அந்த நிம்மதியில் நான் நகர்ந்துவிட்டிருக்கிறேன்.

டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-ல் வெளியிட்ட ஆய்வை அப்புறம்தான் படித்தேன். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் என்ற ஊரில் இறையியல் படித்த 40 மாணவர்களை ஒவ்வொருவராகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு நின்று உதவியவரைப் பற்றிய பைபிள் கதை. வழியில் ஒருவர் சரிந்து உட்கார்ந்து இருமி முனகிக்கொண்டிருந்தார், ஆய்வாளர்களின் ஏற்பாட்டின்படி. அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது உதவி செய்தார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். கதையை மனசில் சுமந்துகொண்டு போனது பெரிதாகக் கைகொடுக்கவில்லை. படித்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆறுதல்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது.

சரி, அவசரத்தை என்னால் ஒழிக்க முடியாது, ஊசி நேரத்துக்குப் போட்டாக வேண்டும். மனசுக்குள் பேசுவதை மட்டும் மாற்றிப் பார்த்தேன். இப்போது ஹேண்ட்ஓவர், அதாவது முந்தைய ஷிஃப்ட் நர்ஸ் நோயாளிகள் விவரம் சொல்லி ஒப்படைப்பது, முடிந்ததும் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொள்கிறேன்: "மூன்று, வலி தாங்கமாட்டார். ஏழு, தனியாக எழுந்திருக்கக் கூடாது, கூப்பிடக் கூச்சப்படுவார்." உதடு அசைவதைப் பார்த்துவிட்டு மூத்த சிஸ்டர் ஒருவர் கேட்டார்: "என்னம்மா, மந்திரமா, டியூட்டி லிஸ்டா?"

"ரெண்டும்தான் சிஸ்டர்."

"மறுபடியுமா" என்ற குரல் மனசுக்குள் இன்னமும் முதல் ஆளாக வந்துவிடுகிறது. நேற்று ஏழாம் கட்டிலில் மூன்றாவது தடவையாக மணி அடித்தது. போனேன். தலையணை நழுவியிருந்தது, அவ்வளவுதான்.