பெடல் சொல்வதைக் கேட்டுவிட்டு பிரேக்கில் கை வையுங்கள்

இறக்கத்தில் பிரேக் கைவிடுவதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் பெடல் மெத்தென்று ஆகி, மிதிக்க மிதிக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவதில் பெடல் வழக்கம்போல் கெட்டியாகவே நிற்கும், ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி அடங்காது. சின்ன காரின் பிரேக்கை மேம்படுத்த நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். எந்த டிஸ்க் (வீலோடு சுழலும் இரும்புத் தட்டு), எந்த கேலிப்பர் (அந்தத் தட்டை இரு பக்கமும் பேட் என்னும் உராய்வுக் கட்டைகளால் இறுக்கும் பிடி) என்று தேடுவதெல்லாம் அப்புறம்.

என்னுடையது சின்ன டர்போ எஞ்சின் வைத்த ஹேட்ச்பேக். ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றிக் கூடுதல் சக்தி எடுப்பது) செய்தாயிற்று, எக்ஸாஸ்டும் இன்டேக்கும் மாற்றியாயிற்று, ஸ்பிரிங் தாழ்த்தி 15 அங்குல வீலும் போட்டாயிற்று. பிரேக் மட்டும் கம்பெனி கொடுத்தபடியே இருந்தது: முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் (உள்ளிருந்து லைனர் விரிந்து பிடிக்கும் வகை). நகரத்துக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. நீளமான மலை இறக்கத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. பாதி தூரம் இறங்கியபோது பெடல் வழக்கத்தைவிட ஒரு விரல் ஆழம் கூடுதலாகப் போனது, அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம். கியரைக் குறைத்து, எஞ்சினாலேயே வேகத்தை அடக்கி, அகலமான ஓரம் பார்த்து நிறுத்தினேன். முன் வீல் இரண்டிலும் கருகல் நெடி. வண்டி ஆறியதும் பெடல் ஒன்றுமே நடக்காததுபோல் மேலே வந்துவிட்டது.

அது பிரேக் ஆயில் கொதித்ததன் அடையாளம். திரவம் அழுத்தினால் சுருங்காது, அதனால்தான் காலின் விசை அப்படியே கேலிப்பருக்குப் போகிறது. கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் அது சுருங்கும். நாம் மிதிக்கும் விசை குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். வழக்கமான பிரேக் ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுபவை, உறிஞ்ச உறிஞ்ச கொதிநிலை இறங்கும். பிரேக் ஆயிலின் தரத்தை டாட் எண்ணால் சொல்வார்கள். டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் 155 இருந்தால் போதும். டாட் 3 என்றால் இந்த எண்கள் 205, 140. டாட் 5.1 என்றால் 260, 180. இந்த 5.1-ஐயும் வெறும் டாட் 5-ஐயும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 1,000 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் ஏறக்குறைய 386 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் 70 சதவீதம் முன் பிரேக்குக்குப் போவதாகவும், ஒரு டிஸ்க் 5 கிலோ வார்ப்பிரும்பு என்றும் வைத்துக்கொண்டால், ஒரே ஒரு முறை நிறுத்தினாலே டிஸ்க் சுமார் 60 டிகிரி ஏறும். ஆறுவதற்குள் இன்னொரு முறை மிதித்தால் அதன்மேல் இன்னொரு 60. ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், அதே கார் 140-லிருந்து நின்றால் வெப்பம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். ரீமேப் செய்த எஞ்சின் ஒவ்வொரு வளைவுக்கும் வண்டியைக் கூடுதல் வேகத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பிரேக் சுமக்கும் பாரம் அப்படித்தான் கூடுகிறது.

ஆகவே நான் முதலில் தொட்டது ஆயிலைத்தான். சீல் உடைக்காத டப்பா, டாட் 5.1. தம்பி டிரைவர் சீட்டில், நான் வீல் பக்கத்தில் தரையில். வீல் பிரேக்கில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் கண்ணாடிபோல் தெளிந்த குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்க வைத்தேன். “மிதி. அப்படியே பிடிச்சுக்கோ.” நிப்பிளைக் கால் திருப்பு திறந்தால் கருத்த பழுப்பு நிறத்தில் பழைய ஆயில் பீறிக்கொண்டு வரும். “இறங்குதுண்ணா” என்பான். நிப்பிளை மூடியபிறகுதான் “விடு” என்று சொல்ல வேண்டும், முந்திச் சொன்னால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயில் குண்டூசித் தலை அளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வந்தன. பிறகு குமிழ் நின்று, நிறம் வெளுத்து, இளமஞ்சளாகத் தெளிந்தது. அதைப் பார்க்கும்போது கிடைக்கும் நிம்மதி வேறு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

எந்த வீலில் தொடங்குவது என்பதற்கு உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். எல்லாக் காருக்கும் ஒரே வரிசை கிடையாது. பழைய காரில் பெடலைத் தரை வரை மிதிக்கக் கூடாது, பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இதுவரை தொடாத துருப்பிடித்த பகுதியில் ரப்பர் சீல் உரசிக் கிழிந்துவிடலாம். மேலே இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவைக் காலியாகவும் விடாதீர்கள். வீல் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் அது முழுதாக வெளியே வராது. பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இனி இரண்டாவது வகை, பெடல் கல்லாக நிற்கும் வகை. அது பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டியதால் வருவது. உராய்வு குறைந்துவிடுகிறது, ஆயில் மேல் குற்றமில்லை. பல பேட்களின் ஓரத்தில் அல்லது முதுகில் ஈஈ, எஃப்எஃப், ஜிஜி என்பதுபோல் இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எண் எவ்வளவு என்பதற்கு, இரண்டாவது சூடான நிலைக்கு. ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. பந்தயத்துக்கென்றே செய்த பேட்டைத் தினசரி காரில் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வண்டி எடுத்ததும் முதல் சிக்னலில் குறுக்கே ஒரு குழந்தை ஓடினால் அந்தப் பேட் சூடாக இருக்காது. வேகமாக ஓட்டும் சாலைக்கென்று செய்த நல்ல பேட் போதும், நானும் அதைத்தான் போட்டேன்.

புதுப் பேட் போட்டால் படிய வைக்க வேண்டும். ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து அழுத்தமாக, ஆனால் வீல் பூட்டாமல், கிட்டத்தட்ட நிற்கும் வரை குறைத்து மீண்டும் வேகமெடுக்க வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேட் பொருள் டிஸ்க்கில் மெல்லிய சீரான படலமாக ஏறுவதற்காகத்தான் இது. சூடாக இருக்கும்போது பெடலை அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும், பிறகு ஸ்டியரிங் நடுங்கும். “டிஸ்க் வளைஞ்சிருச்சு” என்று சொல்லப்படும் நடுக்கங்களில் நிறைய இதுதான். இன்னொரு காரணம், டிஸ்க்கைப் பூட்டும் ஹப் முகத்தில் இருக்கும் துரு. கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்துவிட்டு டிஸ்க்கைப் பூட்டுங்கள். டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது.

பெரிய டிஸ்க்? நான் ஒரேமுறை நிறுத்தும் தூரத்துக்காக அதை வாங்கவில்லை. இப்போதே பலமாக மிதித்தால் ஏபிஎஸ் துடிக்கிறது என்றால் உங்கள் பிரேக்குக்குத் தேவையான பலம் இருக்கிறது, டயர்தான் எல்லை. பெரிய டிஸ்க் தருவது, திரும்பத் திரும்ப மிதிக்கும்போதும் தளராத தாங்குதிறன். 1953-இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றதில் இந்தத் தாங்குதிறனுக்குப் பெரிய பங்கு உண்டு. டிரம் பூட்டிய கார்கள் சூட்டுக்கு அஞ்சி முன்கூட்டியே வேகம் குறைக்க, இது சுற்றுக்குச் சுற்று தாமதமாகப் பிரேக் பிடித்தது.

என் காரில் அதே மாடலின் பெரிய எஞ்சின் வகைக்கு வரும் முன் டிஸ்க்கும் கேலிப்பரும் பிராக்கெட்டும் போட்டேன். நடுவில் காற்றுவழி உள்ள வென்டிலேட்டட் டிஸ்க், எடையும் கூடுதல். துளை போட்டது வேண்டாம் என்றுதான் சொல்வேன், அதிக வெப்பத்தில் துளையைச் சுற்றி விரிசல் விடும். கேலிப்பர் பிஸ்டன் அளவை மட்டும் கவனமாகப் பாருங்கள். 54 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 57 மி.மீ. போட்டால் பரப்பு 11 சதவீதம் கூடும். அதே மாஸ்டர் சிலிண்டர் அத்தனை ஆயிலைக் கூடுதலாகத் தள்ள வேண்டும், பெடல் நீளும். முன்பக்கம் அளவுக்கு மீறிப் பலமானால் பின் பிரேக் சும்மா இருக்க, முன் டயர் முந்திப் பூட்டும். காசு போட்டும் நிற்கும் தூரம் கூடிவிடலாம். பின்னால் அளவுக்கு மீறினால் அதைவிட மோசம், வண்டி சுழன்றுவிடும்.

அதனால் பின் டிரம்மைத் தொடவில்லை. லைனர் இடைவெளியைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தேன், அதற்கே பெடல் தெளிவாக மேலே வந்தது. ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டதில் பெடல் இன்னும் கொஞ்சம் கெட்டியானது, அவ்வளவுதான். அதே இறக்கத்தில் இப்போது பெடல் ஒரே உயரத்தில் நிற்கிறது.

பூட்டிய பிறகு சில வேலைகள் மிச்சம். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடாமல், டயரில் உரசாமல் இருக்கிறதா பாருங்கள். ஹோஸ் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர்தான் போட வேண்டும், பழையது கசியும். கேலிப்பர் பின்னுக்கு ரப்பருக்கு ஒத்துவரும் சிலிக்கான் கிரீஸ், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து, பேட் டிஸ்க்கைத் தொட்டு பெடல் கெட்டியாகும் வரை கியரில் கை வைக்காதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டியதும் வீல் நட்டை டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள்.

அடுத்து டயர். அதை இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறேன்.