பையன் புதுசு சார்

நான் சொன்னது ஆறே வார்த்தை. அதற்காக யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனாலும் துரைப்பாக்கம் சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் அந்த மீட்டிங் ரூம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழுக்கு ஸ்டேஜ் 2 ஆடிட், அதாவது சான்றிதழ் தரலாமா என்று முடிவாகும் இரண்டாம் கட்டத் தணிக்கை. அதன் இரண்டாம் நாள், சாப்பிட்டு முடித்து எல்லோருக்கும் கண் செருகும் நேரம். வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியலை எச்.ஆரிடம் வாங்கி, ஐந்து பெயரைப் பென்சிலால் டிக் அடித்தார் ஆடிட்டர். அந்த ஐந்து பேரின் லாகின் என்றைக்கு முடக்கப்பட்டது என்று ஹெல்ப்டெஸ்க் தம்பி ஒவ்வொன்றாகத் திரையில் எடுத்துக் காட்டினான். நான்கு சரி. ஐந்தாவது ஆளுக்குக் கடைசி வேலை நாள் 12ஆம் தேதி, லாகின் முடக்கியது 23ஆம் தேதி. எங்கள் பாலிசியில் 24 மணி நேரம் என்று இருக்கிறது. அதை எழுதியதே நான்தான்.

“ஏன் தம்பி பதினோரு நாள்?” என்றார் ஆடிட்டர். கோபமெல்லாம் இல்லை. பஸ் ஏன் லேட் என்று கேட்பதுபோலக் கேட்டார்.

“எச்.ஆர். மெயில் வந்தாத்தான் சார் எங்களுக்கே தெரியும். சில சமயம் அன்னைக்கே வரும். சில சமயம் செட்டில்மென்ட் போடும்போதுதான் வரும்.”

“எப்பவுமே இப்படித்தானா?”

அவன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். “பையன் புதுசு சார். ப்ராசஸ் முழுசாத் தெரியாது.”

அவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, ஆடிட் என்பதே அதுதான். நூறு பேரில் ஐந்து பேரை எடுத்துப் பார்த்து மிச்சத்தைக் கணிப்பார்கள். அந்தத் தம்பி பானையே வேகவில்லை என்று சொல்ல வந்தான். நான் அந்த ஒரு பருக்கை மட்டும்தான் வேகவில்லை என்று சொல்லிவிட்டேன். பானை வேகவில்லை என்றால் அது மேஜர், அதாவது பெரிய குறை, ஆகியிருக்கலாம். மேஜர் வந்தால் அதைச் சரிசெய்து, ஆடிட்டர் சரிபார்த்த பிறகுதான் சான்றிதழ். ஆறு மாதத்துக்குள் முடியாவிட்டால் ஸ்டேஜ் 2 முழுவதையும் மறுபடி நடத்த வேண்டும். மைனர், அதாவது சின்னக் குறை என்றால், சரிசெய்யும் திட்டம் எழுதிக் கொடுத்தால் போதும். எங்களுக்கு மைனர்தான் வந்தது.

மார்ச் 31க்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று வாடிக்கையாளர் எழுதியே கொடுத்திருந்தார். அந்த ப்ராஜெக்ட்டை நம்பி இருந்தவர்களில் அந்தத் தம்பியும் ஒருவன். இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லும்போது நியாயமாகத்தான் இருக்கிறது.

அப்புறம்தான் அந்தப் படிவம் வந்தது. மைனர் வந்தால் மூல காரணம் என்ன, என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுத வேண்டும். நான் சொன்ன பொய்க்குப் பொருந்துகிற காரணம் ஒன்றுதான் இருந்தது: பயிற்சிக் குறைவு. எழுதினேன். காரணம் அது என்றால் தீர்வு பயிற்சிதானே? எங்கள் அலுவலகத்தில் அந்த ப்ராசஸின் ஓட்டைகளை யாரைவிடவும் நன்றாகத் தெரிந்தவனை உட்காரவைத்து, லாகினை எப்படி முடக்குவது என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தோம். வருகைத் தாளில் அவன் கையெழுத்துப் போட்டான். அந்தத் தாளை ஸ்கேன் செய்து ஆதாரமாக அனுப்பியதும் நான்தான்.

அதுவரை ரூமுக்கு வெளியே என்னை ‘அக்கா’ என்பான். இப்போது எங்கே பார்த்தாலும் ‘மேடம்’தான். நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ என்னவோ.

இன்னொன்றும் இருக்கிறது. ஆடிட் முடிந்த அன்று இரவு, அந்தப் பதினோரு நாளில் அந்த லாகினை யாராவது பயன்படுத்தினார்களா என்று வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் யார் வந்தார்கள் என்று பதிவாகும் வி.பி.என். லாகில் தேடினேன். லாக் 90 நாளுக்குத்தான் இருந்தது, நான் தேடிய தேதிகள் அதற்கு முன்பே அழிந்துவிட்டன. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். ஒரு ஓட்டையை மூடப்போன இடத்தில் இன்னொன்று. மறுநாளே சத்தமில்லாமல் 180க்கு மாற்றச் சொன்னேன். ஆடிட்டரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அந்த ஆள் உள்ளே வந்தாரா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. வந்திருக்க மாட்டார். வேறு வேலை கிடைத்துப் போனவருக்கு இங்கே என்ன வேலை?

எதுவும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. இப்போது எச்.ஆர். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதுமே ஹெல்ப்டெஸ்க்குக்கு டிக்கெட் தானாக வந்துவிடுகிறது. இதற்குப் பட்ஜெட் வாங்க, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்ற ஸ்லைடைப் போட வேண்டியிருந்தது. அந்த எண் திரையில் வந்தால்தான் மேலே இருப்பவர்கள் மொபைலைக் கீழே வைக்கிறார்கள். ஆனால் வெண்டார் மூலம் வருகிற ஒப்பந்த ஆட்கள் எச்.ஆர். கணக்கிலேயே வருவதில்லை. அவர்கள் போனது, அவர்களுடைய நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவும் எழுதுகிற நான், போன வாரம்கூட புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆடிட் வகுப்பு எடுத்தேன். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, நீங்களா எதையும் நீட்டாதீங்க” என்றுதான் சொன்னேன். அது தப்பான அறிவுரை இல்லை, எல்லாக் கம்பெனியிலும் சொல்வதுதான். சொல்லப்போனால், அந்தத் தம்பி கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னான்.

வருகிற செவ்வாய்க்கிழமை கண்காணிப்பு ஆடிட். ஆதாரக் கோப்புக்காக அவனிடம் விலகியவர்கள் ஷீட்டைக் கேட்டேன். நேற்று அனுப்பினான். நாங்கள் எப்போதும் கொடுக்கிற ஷீட்டில் மூன்று பத்திதான்: பெயர், கடைசி நாள், முடக்கிய நாள். இதில் நான்காவதாக ஒன்று இருந்தது, ‘மெயில் வந்த தேதி’. அவன் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து ஒரு வரி விடாமல் குறித்துவைத்திருக்கிறான். ஒப்பந்த ஆட்களுக்கு மட்டும் மஞ்சள் நிறம் அடித்திருக்கிறான், அவர்களுக்கு நேராக நான்காவது பத்தி பெரும்பாலும் காலி. மெயிலில் “மேடம், நீங்க கேட்டது” என்பதைத் தவிர வேறு ஒன்றும் எழுதவில்லை.

அந்தப் பத்தியோடு கோப்பில் போடுவதா, எடுத்துவிட்டுப் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு விதமாகவும் சேமித்து வைத்திருக்கிறேன்.