ஒஹாயோ, போர்டு எண்ணுன நாட்கள்

அக்டோபர் 4, 2012
நேத்து டென்வர்ல பிரசிடெண்ட் டிபேட். நம்ம ரிபப்ளிகன் ரோம்னி தூள் கிளப்பிட்டாரு. டெமாக்ரட் ஒபாமா தலைய குனிஞ்சு ஏதோ எழுதிக்கிட்டே இருந்தாரு, ஹோம்வொர்க் பண்ணாம வந்த பையன் மாதிரி. எனக்கு ராத்திரி தூக்கமே வரல, சந்தோஷத்துல.

அக்டோபர் 5
வேலையில்லாதவங்க கணக்கு 7.8 சதவீதமாம். மூணரை வருஷமா எட்டுக்குக் கீழ இறங்காதது, எலக்‌ஷனுக்கு ஒரு மாசம் இருக்கப்ப கரெக்டா இறங்குது. ஜிஇ கம்பெனில தலைவரா இருந்த ஜாக் வெல்ச்சே ட்விட்டர்ல, இந்த சிகாகோ ஆளுங்க (ஒபாமா கூட்டம்) எதையும் செய்வாங்கன்னு போட்டுட்டாரு. நானும் அதான் சொல்றேன். பொண்டாட்டி சிரிக்கிறா.
அம்மா போன். அப்பாவுக்கு கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட், ஏறினா மோசம்) 2.9. ஆகஸ்ட்ல 2.1. வேற லேப்ல பாக்கச் சொன்னேன்.

அக்டோபர் 9
ப்யூ சர்வேல ரோம்னி 49, ஒபாமா 45! "போன மாசம் இதே ப்யூ ஒபாமாவுக்கு எட்டு பாயிண்ட் லீட் குடுத்தப்ப ஃப்ராடுன்னீங்களே"ன்னா. காபி ஆறிடுச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

அக்டோபர் 14
ஞாயித்துக்கிழமை பூரா இதுலயே போச்சு. விஷயம் சிம்பிள், யாருக்கும் புரிய மாட்டேங்குது. சர்வேக்காரன் நூறு பேர்கிட்ட பேசுனா அதுல ரிபப்ளிகன விட டெமாக்ரட் ஏழெட்டு பேர் ஜாஸ்தி இருக்காங்க. அது 2008 கணக்கு, அப்ப ஒபாமா அலை. 2010-ல ரெண்டு கட்சியும் சரிசமமா வந்து ஓட்டு போட்டாங்க, ரிபப்ளிகன் ஹவுஸ்ல (நம்ம லோக்சபா மாதிரி) 63 சீட்டு கூட புடிச்சாங்க, அதுக்கப்புறமும் 2008-ஐயே புடிச்சு தொங்குனா எப்படி? கட்சி எண்ணிக்கைய சரி பண்ணி எல்லா சர்வேயையும் திருப்பிப் போட ஒருத்தர் சைட்டே வெச்சிருக்காரு, அதுல எல்லாத்துலயும் ரோம்னிதான் லீடிங். நானும் க்ரோகர் கடை பில் பின்னாடி ஒஹாயோவ மட்டும் போட்டுப் பாத்தேன், மூணு பாயிண்ட்ல ஜெயிக்கிறாரு. அவகிட்ட காட்டுனா, "ஃபோன எடுத்தவன் நான் டெமாக்ரட்னு சொல்றான், அவன எப்படிங்க நீங்க மாத்துவீங்க"ங்கறா. அவளுக்கு ஓட்டு இல்ல, இன்னும் க்ரீன் கார்டுதான். வாய் மட்டும் சிட்டிசன்.
அதே பில்லுல இன்னொரு கணக்கும். அப்பாவுக்கு அந்த வாரம் வயித்துப்போக்கு, தண்ணியே சரியா குடிக்கலயாம். அதக் கழிச்சா 2.4-தான் வரும்.

அக்டோபர் 18
கேலப் சர்வேல ரோம்னி 52, ஒபாமா 45!!!

அக்டோபர் 23
ஆபீஸ் போற வழில வீட்டு வாசல்ல நட்டிருக்கற பிரச்சார போர்டெல்லாம் எண்ணுனேன். ரோம்னி போர்டு 41, ஒபாமா 17. பக்கத்து வீட்டு தாத்தா ரிபப்ளிகன் ஆளு லிம்பாவோட ரேடியோ பேச்ச கராஜ்ல அலற விட்டுக்கிட்டு இலை கூட்டிட்டிருந்தாரு, சொன்னதும் துடைப்பத்த போட்டுட்டு வந்து கை குடுத்தாரு.
ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரரு முன்கூட்டியே ஓட்டு போட்டாச்சாம். ஒபாமாவுக்கு. அவரு வீட்ல போர்டே கிடையாது. தம்பி டொலிடோ ஜீப் ஃபேக்டரில இருக்கானாம், ஆட்டோ கம்பெனிகளுக்கு அரசாங்கம் பணம் குடுக்கலன்னா தம்பி நடுத்தெருதானாம். டெட்ராய்ட் திவாலாகட்டும்னு ரோம்னி 2008-ல எழுதுனத எடுத்து நீட்றாரு. அந்தத் தலைப்பு பேப்பர்காரன் வெச்சதுய்யா, உள்ள படின்னேன். யாரு படிக்கிறா.

அக்டோபர் 30
சாண்டி புயல் நியூஜெர்சில நேத்து கரை ஏறிருச்சு. இங்கயே நைட்டெல்லாம் ஜன்னல் ஆடுது. கேலப் சர்வேய நிறுத்திட்டான், இப்பப் போயி.

நவம்பர் 1
அங்க நேத்து நீலம் புயல் மாமல்லபுரத்துல கரை ஏறிருக்கு. திருச்சில மழை எப்படின்னு கேக்க நாலு தடவ அடிச்சேன், ஸ்விட்ச் ஆஃப். புயல் வேண்டியதில்ல, ஊர்ல கரண்ட்டு இருக்குற நேரத்த விட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி, போன் சார்ஜ் எங்க ஏறும்.
நம்ம கட்சி நியூஜெர்சி கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி ஒபாமாவோட சேர்ந்து புயல் சேதத்த சுத்திப் பாத்துட்டு ஒரே பாராட்டு. கட்சி கன்வென்ஷன்ல ரோம்னிக்காக மெயின் ஸ்பீச் குடுத்த மனுஷன்!

நவம்பர் 4
அரசியல் எழுத்தாளர் மைக்கேல் பரோன் ரோம்னிக்கு 315 எலக்டோரல் ஓட்டு (மாநிலக் கணக்குல வர்றது)ங்கறாரு. ஜார்ஜ் வில் 321. டிக் மாரிஸ் 325. இவங்கள்ல பரோன் ஒவ்வொரு கவுண்டியும் விரல் நுனில வெச்சிருக்கற ஆளு, சும்மா சொல்ல மாட்டாரு. போதாததுக்கு வாஷிங்டன் ஃபுட்பால் டீம் ரெட்ஸ்கின்ஸ் சொந்த கிரவுண்ட்ல 21–13 தோத்துட்டாங்க, எலக்‌ஷனுக்கு முன்னாடி கடைசி ஹோம் கேம் தோத்தா ஆளுங்கட்சி காலின்னு தாத்தா சத்தியம் பண்றாரு. நம்ம ஊரு பல்லி விழுற பலன் மாதிரிதான், ஆனா கேக்க நல்லாருக்கு.
அம்மா கிடைச்சாங்க. ரெண்டாவது லேப். 3.8.

நவம்பர் 5
டயாலிசிஸுக்கு கைல ஃபிஸ்டுலா போட்டு வெச்சுக்கலாம்னு டாக்டர் சொல்றாராம். இன்னொரு டாக்டர்கிட்டயும் கேப்போம்னேன். அம்மா ஒண்ணும் பேசல.

நவம்பர் 6
ஓட்டு போட்டாச்சு. சிட்டிசன் ஆகி முதல் ஓட்டு. சர்வேயெல்லாம் வெச்சு கணிக்கற நேட் சில்வர் ஒபாமாவுக்கு 90 சதவீதம்ங்கறான். நாளைக்கு பாப்போம் தம்பி.

நவம்பர் 7, காலைல 2 மணி
நம்ம பக்கம் பேசற ஃபாக்ஸ் டிவியே ஒஹாயோவ ஒபாமாவுக்கு குடுத்துட்டான். அங்க உக்காந்திருந்த ரிபப்ளிகன் ஆளு கார்ல் ரோவ் ஒத்துக்கல, இன்னும் எண்ண வேண்டியது இருக்குன்னு நின்னாரு, நானும் சோபா நுனில உக்காந்து சொல்லுங்க சொல்லுங்கன்னேன். அந்த மெகின் கெல்லி எந்திரிச்சு வராண்டாவுல நடந்தே போயி கணக்கு போடுறவங்க ரூம்லயே கேக்குது. மாத்த முடியாதுன்னுட்டாங்க.
ஒபாமா 303, ரோம்னி 206. ஃப்ளோரிடா இன்னும் பாக்கி.

நவம்பர் 9
டிக்கெட் போட்டாச்சு, அபுதாபி வழியா, தீபாவளிக்கு முந்தின நாள் இறங்குறேன். அப்பாவே போன வாங்கினாரு. "உங்காளு தோத்துட்டாராமேடா, முந்நூறுன்னியே?"
சரிப்பா, இன்னிக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்கன்னு கேட்டேன்.