அந்த அரபி எந்த ஊர்க்காரர்?

புதுச்சேரி, கடலூர் பக்கம் எடுக்கிற குறும்படங்களில் வெளிநாட்டு வேலைக் கதை அடிக்கடி வருகிறது. வரவேண்டியதுதான். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் அது பாதி வீட்டுக் கதை. ஆனால் அதில் வரும் அரபி முதலாளி மட்டும் படத்துக்குப் படம் ஒரே ஆளாக இருக்கிறார். வெள்ளை அங்கி, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி, இரண்டு வார்த்தை அரபு, ஒரு அதட்டல். அவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் "அரபு நாடு" என்று பதில் வரும். அரபு லீகில் 22 நாடுகள் இருக்கின்றன. மொராக்கோக்காரரும் ஓமான்காரரும் அவரவர் வீட்டுப் பேச்சில் பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்குச் சரியாக விளங்காது.

ஆகவே வசனம் எழுதும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். பேசுபவர் எந்த ஊர்? யாரிடம் பேசுகிறார்? அங்கி, பலகை, வசனம், உச்சரிப்பு எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வரும்.

ஒரு சின்ன வரியை எடுத்துக்கொள்வோம்: "என்ன வேண்டும்?" புத்தக அரபான ஃபுஸ்ஹாவில் அது "மாதா துரீத்". கெய்ரோவில் "ஆயிஸ் ஏ". டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் "ஷூ பித்தக்". ரியாத் பக்கம் "வெஷ் தப்கா". எதிரில் நிற்பது பெண் என்றால் எகிப்தில் "ஆய்ஸா", சிரியாவில் "பித்திக்" என்று மாறும். எழுத்தின் ஒலியும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஜமால் என்ற பெயரை கெய்ரோக்காரர் Gயில் தொடங்குவதுபோல, "கங்கை"யின் இரண்டாவது ககரத்தை முதலில் வைத்ததுபோலச் சொல்வார். குவைத்தில் ஜகரம் பல சொற்களில் யகரமாகிவிடும். கோழிக்கு அங்கே "தியாய்". காப்பிக்குப் புத்தகத்தில் "கஹ்வா", கெய்ரோவில் முதல் எழுத்து விழுந்து "அஹ்வா".

மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டினால் வருவது ஃபுஸ்ஹா. செய்தி வாசிப்பு, பிரசங்கம், பாடப் புத்தகம் ஆகியவற்றின் மொழி அது. மளிகைக் கடைக்காரர் ஃபுஸ்ஹாவில் பேரம் பேசினால், நம் ஊர்ச் சந்தையில் ஒருவர் "இவ்வெண்டைக்காயின் விலை யாது?" என்று கேட்பதுபோல இருக்கும். 2013இல் வந்த ஃப்ரோஸன் படத்தை டிஸ்னி ஃபுஸ்ஹாவில் டப் செய்தபோது, அதற்கு முன் வந்த கார்ட்டூன் படங்களை எகிப்தியப் பேச்சில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒட்டவில்லை. துருக்கித் தொடர்கள் 2008 வாக்கில் சிரியப் பேச்சில் டப்பாகி வந்தபோது அரபு வீடுகள் எல்லாம் உட்கார்ந்து பார்த்தன. வீட்டுப் பேச்சுக்கு இருக்கிற நெருக்கம் அவ்வளவு.

இனி நம் ஆட்கள் பேசும் அரபு. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் பேசுவது தனி வகை. வங்காளி, மலையாளி, தமிழர், பிலிப்பினோ, அரபி எல்லோரும் ஒருவரோடொருவர் வேலை நடத்த உருவான கலப்புப் பேச்சு அது. "அனா மாஃபி மாலூம்" என்றால் எனக்குத் தெரியாது. அதையே குவைத்தியர் தன் தம்பியிடம் சொன்னால் "மா அத்ரி" என்பார். "அனா மாஃபி ஃபுலூஸ்" என்று நம் டிரைவர் சொல்வதை அவர் "மா இந்தி ஃபுலூஸ்" என்பார்.

இங்கேதான் நிறைய படங்கள் சறுக்குகின்றன. ஊர் திரும்பிய ஒருவரிடம் வசனம் கேட்டு, அந்த "மாஃபி" அரபையே இரண்டு அரபிகள் தங்களுக்குள் பேசும் காட்சியில் வைத்துவிடுகிறார்கள். தன் மகனிடம் ஒரு தகப்பன் அப்படிப் பேசமாட்டார். ஆனால் அதே தகப்பன் தன் வீட்டு டிரைவரிடம் கட்டாயம் அப்படித்தான் பேசுவார். வேலைக்காரருக்குப் புரியட்டும் என்று அவரே மொழியை உடைத்துக்கொள்வார். ஒரே காட்சியில் அவர் மகனிடம் ஒரு மாதிரியும் டிரைவரிடம் ஒரு மாதிரியும் பேசினால், வேறு எந்த விளக்கமும் இல்லாமல் அந்த வீட்டின் படிநிலை முழுக்கத் தெரிந்துவிடும். திரைக்கதைக்கு இதைவிடப் பெரிய வரம் கிடைக்காது.

உதவிக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஃபுஸ்ஹாவுக்கு அரபிக் கல்லூரியில் ஓதிய ஆலிம், கலப்புப் பேச்சுக்கு ஊர் திரும்பிய டிரைவர் அல்லது சமையற்காரர். இந்த இரண்டு பேரும் மாவட்டத்துக்குள்ளேயே கிடைப்பார்கள். மூன்றாவது தேவை, அந்த நாட்டு வீட்டுப் பேச்சு. அதற்கு அந்த நாட்டில் பிறந்தவர்தான் வேண்டும். வாட்ஸ்ஆப் குரல் பதிவு போதும். ஊர் திரும்பியவரின் பழைய கூட்டாளி ஒருவர் அங்கே இருப்பார். தமிழ் வரியை அனுப்பி "இதை மொழிபெயர்த்துத் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். சூழ்நிலையைச் சொல்லி "இந்த இடத்தில் உங்கள் வாப்பா என்ன சொல்வார்?" என்று கேளுங்கள்.

அடுத்தது நடிகரின் வாய். அரபை வசனத் தாளில் தமிழ் எழுத்தில் எழுதித் தருவதுதான் வழக்கம். அதில் இரண்டு வகைச் சிக்கல் வரும். முதலாவது, தமிழில் ஒரே ககரம் பல அரபு எழுத்துகளைச் சுமக்கிறது. "என் இதயமே" என்பது "யா கல்பி". "என் நாயே" என்பதும் தமிழ் எழுத்தில் "யா கல்பி"தான். புத்தக அரபில் இதயத்தின் ககரம் அண்ணத்தின் கடைசியில், உள்நாக்கை ஒட்டிப் பிறக்கிறது. நாயின் ககரம் நம் "கல்" ககரமேதான். காதல் காட்சியில் இந்தப் பிசகு நடந்தால் படம் அங்கேயே முடிந்துவிடும். அதனால் தாளில் ஆழமான ககரத்தைச் சிவப்பில் எழுதுங்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே, அந்த மூச்சு ஹகரத்தைப் பச்சையில் எழுதுங்கள். அது சாதாரண ஹகரம் அல்ல. தொண்டையை இறுக்கிச் சொல்லும் "ஐன்" எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி.

இரண்டாவது சிக்கல் தமிழின் இயல்பிலேயே இருக்கிறது. இரண்டு உயிருக்கு நடுவே வரும் வல்லினத்தை நாம் மெலிந்து ஒலிக்கிறோம். "தலை"யின் தகரமும் "அது"வின் தகரமும் ஒன்றல்ல. கிதாப் என்று எழுதிக்கொடுத்தால் நடிகர் "அது"வின் தகரத்தைத்தான் போடுவார். அப்போது புத்தகம் என்ற சொல், பொய் என்ற சொல்லின் வேரெழுத்துகளுக்குப் பக்கத்தில் போய் விழும். சரி, அழுத்தம் வேண்டுமே என்று "கித்தாப்" என எழுதினால் அதுவும் தவறு. அரபில் இரட்டிப்புக்குப் பொருள் உண்டு. தரஸ என்றால் படித்தான், தர்ரஸ என்றால் படிப்பித்தான். "கி" சொல்லிவிட்டு ஒரு நொடிக்கும் குறைவாக நிறுத்தி, "தாப்" என்பதைப் புதுச் சொல் தொடங்குவதுபோலச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவையில் வந்துவிடும். சொல்லின் கடைசியில் நாம் ஒட்டும் உகரத்தையும், கல்பு, கிதாபு என்பதுபோல, வெட்டிவிடுங்கள். பகரத்தில் தொடங்கும் சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். அரபில் "பல்"லின் பகரமே கிடையாது, "அம்பு"வின் பகரம் மட்டும்தான் உண்டு. வீடு என்ற பைத் அதில்தான் தொடங்கும்.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் தமிழருக்குக் கற்றுத்தரவே வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசும் நடிகர்கள் திணறுகிற இடம் அது.

கடைப் பலகைக்கு வருவோம். அரபு எழுத்துகள் வலமிருந்து இடமாகக் கைகோத்து நடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனியே, தொடக்கத்தில், நடுவில், இறுதியில் என்று வடிவம் மாறும். அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ் என்ற ஆறு மட்டும் தனக்கு அடுத்ததைப் பிடிக்காது. பழைய அமைப்பில் உள்ள டிசைன் மென்பொருளில் அரபை ஒட்டினால் எழுத்துகள் பிரிந்து, தலைகீழ் வரிசையில் நிற்கும். தமிழில் "கொ" ஒட்டினால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறுமே, அதே நோய்தான், மருந்தும் ஒன்றே. பழைய ஃபோட்டோஷாப்பில் பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் தேர்ந்தெடுத்துப் புது லேயரில் ஒட்டுங்கள். எழுத்து இடைவெளி பூஜ்யத்தில் இருக்கட்டும். கொஞ்சம் கூட்டினாலும் கை விட்டுப்போகும். ஃபிளெக்ஸ் கடைக்குக் கொடுக்கும் முன் எழுத்தை வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் மறுபடி சிதறும்.

விலைப் பலகையில் எண்ணைப் பாருங்கள். வளைகுடாவிலும் எகிப்திலும் எழுதும் அரபு எண்களில் பூஜ்யம் ஒரு புள்ளி. வட்டமாக இருப்பது ஐந்து. பூஜ்யம் என்று நினைத்து வட்டம் போட்டால் 100 ரியால் 155 ரியால் ஆகிவிடும். எழுத்து வலமிருந்து வந்தாலும் எண்ணை இடமிருந்துதான் படிப்பார்கள். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியாவில் நாம் எழுதும் 1, 2, 3தான். இணையத்தில் கிடைக்கும் "அரபு" பலகைப் படங்களில் பல உருது. சாய்ந்து இறங்கும் நஸ்தலீக் எழுத்தும், தலையில் "தோ" (ط) என்ற எழுத்து குட்டியாக உட்கார்ந்த டகரமும் இருந்தால் அது உருது.

பலகையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் படப்பிடிப்பில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் உலகறிந்த சாட்சி கிடைத்தது. ஹோம்லேண்ட் என்ற அமெரிக்கத் தொடருக்காக அகதி முகாம் செட்டின் சுவரில் அரபு எழுத ஓவியர்களை அழைத்தார்கள். அவர்கள் "ஹோம்லேண்ட் இனவெறி கொண்டது" என்று அரபில் எழுதிவைத்தார்கள். படம்பிடித்து, தொகுத்து, ஒளிபரப்பும்வரை குழுவில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தொடருக்கு அரபு வெறும் சுவர்க்கோலமாக இருந்தது என்பதைச் சுவரே சொல்லிவிட்டது.

உடையும் இதே கணக்குதான். காலரும் மணிக்கட்டுப் பொத்தானும் வைத்தது சவூதி தோப். காலர் இல்லாமல் கழுத்தில் நீளக் குஞ்சம் தொங்குவது எமிரேட்ஸ் கந்தூரா. ஓமான்காரர் கறுப்பு வளையமான இகால் கட்டுவதில்லை. பூவேலை செய்த கும்மா தொப்பி அல்லது மஸ்ஸர் தலைப்பாகை. ஓரத்தில் சரிகை ஓடும் பிஷ்த் மேலங்கி கல்யாணத்துக்கும் அரசு விழாவுக்கும் உரியது. கடையில் கணக்குப் பார்க்கும் முதலாளிக்கு அதைப் போர்த்தாதீர்கள். கெய்ரோ அலுவலகத்திலோ துனிஸ் நகரத்திலோ கதை நடந்தால் சட்டை, பேன்ட்டே போதும்.

இடம்: தேவனாம்பட்டினம் மணலை ரியாத் ஆக்க முயல்கிறார்கள், பின்னால் தென்னை தெரிந்துவிடுகிறது. தென்னை விலக்கமுடியாவிட்டால் கதையை ஓமானின் ஸலாலாவுக்கு மாற்றுங்கள். அங்கே தென்னையும் வாழையும் உண்டு; ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவச் சாரலும் உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்கள் துபாய்க்கு ஒத்துவராது. துனிஸ் என்றால் ஒத்துவரும்; அங்கும் அரபோடு பிரெஞ்சும் பலகையில் நிற்கும்.

"அல்லாஹு அக்பர்" என்பதைக் குண்டு வெடிக்கும் முன் மட்டும் ஒலிக்கவிடுவதை நிறுத்துங்கள். வியப்பிலும் நிம்மதியிலும் தொழுகையிலும் ஒரு நாளில் பல தடவை வரும் சொல் அது. அரபுக் கிறிஸ்தவர்களும் கடவுளை அல்லாஹ் என்றுதான் அழைக்கிறார்கள். அவர்களுடைய பைபிளிலும் அந்தச் சொல்தான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்துக்கு 1956இல் கதை தந்த அலிபாபாவையும், அலாவுதீனையும், ஆயிரத்தொரு இரவுகளை மொழிபெயர்த்த பிரெஞ்சுக்காரர் கலானுக்கு 1709இல் பாரீஸில் சொன்னவர் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப். அவர் ஒரு கிறிஸ்தவர்.

இன்னொன்றும் மனத்தைக் குத்துகிறது. பரங்கிப்பேட்டை மரைக்காயரைக் காட்டும்போதுகூட "அரே பாய், நமாஸ்" என்று பேசவைக்கிறார்கள். தமிழ் முஸ்லிம் வீட்டுச் சொற்கள் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல். வாப்பா, உம்மா, காக்கா, லாத்தா என்று உறவுகள். ஊருக்கு ஊர் மாறும், கேட்டு எழுதுங்கள். அரபு அவர்கள் வீட்டில் மட்டும் இல்லை. வசூல், பாக்கி, அசல், நகல், வக்கீல், வாரிசு, ரத்து, ஜில்லா எல்லாம் அரபிலிருந்து வந்து கடலூர் கலெக்டர் ஆபீஸ் காகிதத்தில் தினமும் புழங்குபவை.

கடைசியாக சப்டைட்டில். அரபு வரிக்குக் கீழே "அரபியில் பேசுகிறார்" என்று போட்டால் அந்த மனிதரின் பேச்சு வெறும் சத்தமாகிவிடுகிறது. பொருளைப் போடுங்கள். நாயகனுக்குப் புரியாத தவிப்பைப் பார்வையாளருக்கும் கடத்தவேண்டிய காட்சியில் மட்டும் சப்டைட்டிலை நிறுத்திவைக்கலாம். அப்போதும் வசனம் சரியாக இருக்கவேண்டும், ஏனென்றால் அரங்கில் அரபு புரிந்த நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். வசனம் தந்தவரை டப்பிங் அன்றும் கூப்பிடுங்கள். படப்பிடிப்பில் சரியாக வந்த சிவப்புக் ககரம் மைக் முன்னால்தான் மறுபடி "கல்" ககரமாக நழுவும்.